இன்ஜெக்டரைக் குற்றம் சொல்வதற்கு முன்

உத்திரமேரூர் ஏரிப் பாசனத்தில் சம்பா அறுவடை முடிந்து வயல்கள் காலியாகும் மாதங்களில் எலிகள் வீடுகளை நோக்கி நகரும். வைக்கோல் போரும் நெல் மூட்டையும் இருக்கும் இடம் அவற்றுக்குப் பிடித்தமானது. அதன் பக்கத்திலேயே இரவில் நிறுத்தப்படும் கார், சூடு ஆறாத என்ஜினோடு, இன்னும் பிடித்தமானது. எலியின் வெட்டுப்பல் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கடித்துத் தேய்த்தாக வேண்டும். பானட்டுக்கு அடியில் கொத்துக் கொத்தாக ஓடும் மெல்லிய ஒயர்கள் அந்தப் பல்லுக்கு வாகாக அமைந்துவிடுகின்றன.

மறுநாள் காலை வண்டி ஸ்டார்ட் ஆகும். ஆனால் நின்ற இடத்திலேயே உதறும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் பிக்கப் இருக்காது. “வண்டி மிஸ்ஸிங் அடிக்குது” என்று சொல்லிக்கொண்டே உரிமையாளர் காஞ்சிபுரம் சாலையிலோ வந்தவாசி சாலையிலோ இருக்கும் பட்டறைக்கு வருவார். டாஷ்போர்டில் மஞ்சள் நிற செக் என்ஜின் விளக்கு எரியும். ஸ்கேனரைச் செருகினால் பி0202 என்று ஒரு பழுதுக் குறியீடு, பட்டறை மொழியில் ‘கோடு’, வரும். இரண்டாவது சிலிண்டர் இன்ஜெக்டர் என்று திரையில் இருக்கும்.

உடனே புது இன்ஜெக்டருக்கு ஆர்டர் போகும். சில ஆயிரம் ரூபாய் செலவழித்து மாற்றிய பிறகும் வண்டி அதே இடத்தில் உதறினால், அடுத்த சந்தேகம் ஈசியூ என்கிற கட்டுப்பாட்டுக் கணினி மீது விழும். அதன் விலை இன்னும் பல மடங்கு. பழுதோ பல நேரங்களில் விரல் நீள ஒயரிலோ, கப்ளருக்குள் பிடித்த களிம்பிலோ இருக்கும்.

அந்தக் கோடு இன்ஜெக்டர் கெட்டுவிட்டது என்று சொல்லவே இல்லை. இரண்டாவது இன்ஜெக்டரின் மின்சுற்றில் கோளாறு என்றுதான் சொன்னது. மின்சுற்று என்றால் பியூஸ், ரிலே, ஒயர், கப்ளர், இன்ஜெக்டர், ஈசியூ ஆகிய எல்லாமும் அடக்கம். இவற்றில் எது என்பதைப் பொருளை மாற்றிப் பார்க்காமல் அளந்தே கண்டுபிடிக்க முடியும். சாதாரண மல்டிமீட்டரும் ஒரு சின்ன பல்பும் இருந்தால் பெரும்பாலான வண்டிகளில் போதும்.

மூன்று மில்லி விநாடி வேலை

இன்ஜெக்டர் என்பது மின்சாரத்தால் திறக்கும் சிறு வால்வு. உள்ளே மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும், ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும் ஓர் ஊசியும் இருக்கின்றன. சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகி ஊசியைத் தூக்கும். தூக்கும் உயரம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதிதான். அந்த இடைவெளியில், சுமார் 3 பார் அழுத்தத்தில் காத்திருக்கும் பெட்ரோல் நுண்துளிகளாகச் சிதறி வெளியேறும். மின்சாரம் நின்றதும் ஸ்பிரிங் ஊசியைத் தள்ளி மூடிவிடும்.

ஐடிலிங்கில் ஒரு முறை திறந்திருக்கும் நேரம் 2 முதல் 4 மில்லி விநாடி. நிமிடத்துக்கு 750 சுற்றில் என்ஜின் ஓடும்போது ஒவ்வோர் இன்ஜெக்டரும் விநாடிக்கு ஆறு முறைக்குச் சற்று அதிகமாகத் திறந்து மூடும். 6000 சுற்றில் அது விநாடிக்கு 50 முறையாகிவிடும். எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை ஈசியூ ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடுகிறது.

இவ்வளவு துல்லியம் தேவைப்பட்டதற்குக் காரணம் புகைக் கட்டுப்பாடு. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தை ஒட்டியே என்ஜின் ஓடினால்தான், மூன்று விதமான நச்சுப் பொருள்களையும் ஒருசேர மாற்றும் கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்யும். கார்புரேட்டரால் அந்த விகிதத்தை எல்லா நிலையிலும் பிடித்துவைக்க முடியவில்லை.

மின்னணு இன்ஜெக்ஷன் முதலில் வந்தபோதும் அதன் பலவீனம் மின்சாரப் பகுதியில்தான் வெளிப்பட்டது. அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய எலெக்ட்ரோஜெக்டர் 1958-ஆம் ஆண்டு மாடல் கிரைஸ்லர் கார்கள் சிலவற்றில் வந்தது. அன்றைய மின்னணு உறுப்புகள் என்ஜின் அறையின் சூட்டையும் ஈரத்தையும் தாங்கவில்லை. விற்ற சில டஜன் கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் திரும்பவும் கார்புரேட்டரே பொருத்தப்பட்டது. 1967-இல் ஜெர்மனியின் போஷ் நிறுவனம் டி-ஜெட்ரானிக் என்ற பெயரில் ஃபோக்ஸ்வாகன் காருக்குக் கொடுத்த அமைப்புதான் பெரிய அளவில் நிலைத்து நின்றது.

காஞ்சிபுரம் வட்டாரத்துக்கு இந்தக் கதையில் நேரடிப் பங்கு உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ஹூண்டாய் தொழிற்சாலை 1998-இல் வெளியிட்ட சான்ட்ரோ, அறிமுகத்திலேயே எம்பிஎஃப்ஐ என்கிற பல்முனை இன்ஜெக்ஷன் என்ஜினோடு வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மண்ணூரில் டெல்ஃபி டிவிஎஸ் நிறுவனம் டீசல் இன்ஜெக்ஷன் கருவிகளையே தயாரித்துவந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 புகை விதிகள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபின் புதிய பைக், ஸ்கூட்டர்களிலும் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்தேபோனது. ஆக, கிராமத்துப் பட்டறைக்கு வரும் வண்டிகளில் இன்ஜெக்டர் இல்லாதவை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகின்றன.

இரண்டே ஒயர்

இன்ஜெக்டர் கப்ளரில் இருப்பவை இரண்டு ஒயர்கள் மட்டுமே. ஒன்றில், பியூஸ், மெயின் ரிலே வழியாக பேட்டரியின் 12 வோல்ட் வந்து நிற்கும். இன்னொன்று ஈசியூவுக்குப் போகும். ஈசியூ இன்ஜெக்டருக்குக் கரண்ட் அனுப்புவதில்லை. தன் முனையில் உள்ள டிரான்சிஸ்டரைத் திறந்து அந்த இரண்டாவது ஒயரை எர்த்தோடு இணைக்கிறது. இணைத்தால் கரண்ட் பாயும், விட்டால் நிற்கும்.

இந்த ஏற்பாட்டால் ஒரு வசதி கிடைக்கிறது. டிரான்சிஸ்டர் மூடியிருக்கும்போது ஈசியூவின் முனையில் 12 வோல்ட் தெரிய வேண்டும், ஏனென்றால் இன்ஜெக்டர் சுருள் வழியாக அது அங்கே வந்து நிற்கும். திறந்திருக்கும்போது ஏறக்குறைய பூஜ்யம் தெரிய வேண்டும். எதிர்பார்த்தது தெரியாவிட்டால் ஈசியூ பி0201 முதல் பி0204 வரையிலான கோடுகளில் ஒன்றைப் பதிவு செய்கிறது. கடைசி எண் சிலிண்டரைக் குறிக்கும். பழுது பாதையில் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தன் வாசலில் தெரிவதை மட்டும் வைத்து அது சொல்கிறது.

அந்தப் பாதையில் நேரக்கூடிய பழுதுகள் நான்கு வகை. முதலாவது, ஒயர் அறுவது. கரண்ட் பாயாது, அந்த சிலிண்டருக்குப் பெட்ரோல் கிடைக்காது.

இரண்டாவது மோசமானது. எலி கடித்து உரித்த கட்டுப்பாட்டு ஒயர் என்ஜின் பாடியைத் தொட்டுவிட்டால், ஈசியூ கேட்காமலேயே சுற்று முழுமையாகிவிடும். சாவி போட்டிருக்கும் நேரமெல்லாம் இன்ஜெக்டர் திறந்தே கிடக்கும். பெட்ரோல் வழிந்து ஸ்பார்க் பிளக்கை நனைக்கும். சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவி என்ஜின் ஆயிலில் கலக்கும், கன்வெர்ட்டரைச் சூடேற்றிப் பாழாக்கும். ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிப்பது இதற்கு ஓர் அடையாளம்.

மூன்றாவது, கட்டுப்பாட்டு ஒயர் வேறொரு 12 வோல்ட் ஒயரைத் தொடுவது. இன்ஜெக்டரின் இரு பக்கமும் ஒரே வோல்டேஜ் நிற்பதால் அது திறக்காது. டிரான்சிஸ்டர் திறக்கும்போது அளவுக்கு மீறிய கரண்ட் நேராக அதன் வழியே பாய முயலும். பாதுகாப்பு அமைப்பு இல்லாத ஈசியூ இப்படித்தான் எரிகிறது.

நான்காவது, கப்ளர் பின்னில் பச்சைக் களிம்பு பிடித்துத் தடை கூடுவது. அறுந்தும் போகாமல், ஷார்ட்டும் ஆகாமல், காலையில் ஒரு மாதிரியும் மதியம் ஒரு மாதிரியும் இருக்கும் பழுது இது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கிய சாலையில் ஓட்டுவதும், வாட்டர் வாஷில் என்ஜின் மேல் அழுத்தத்தோடு நீரடிப்பதும் இதற்குப் போதும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய கார்களைப் போன்றவற்றில், கழுவித் துடைத்து ஓடத் தொடங்கிய பின்னும் கப்ளருக்குள் களிம்பு மெல்ல வளர்ந்து மாதங்கள் கழித்துத் தொல்லை கொடுக்கலாம்.

எங்கிருந்து தொடங்குவது

முதல் கேள்வி, ஒரு சிலிண்டர்தானா, எல்லாமுமா என்பது. நான்கு இன்ஜெக்டரும் ஒரே நேரத்தில் செத்துப்போவது அபூர்வம். நான்கும் மௌனமாக இருந்தால் அவற்றுக்குப் பொதுவான பியூஸையும் மெயின் ரிலேயையும் பார்க்க வேண்டும். அங்கே 12 வோல்ட் வந்தும் துடிப்பு இல்லையென்றால், கிராங்க் சென்சார் சிக்னல் ஈசியூவுக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும். என்ஜின் சுற்றுவது தெரியாமல் ஈசியூ பெட்ரோல் விடாது.

ஒரு சிலிண்டர் மட்டும் என்றால் காது உதவும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜெக்டர் உடலில் வைத்து, பெல்ட்டும் ஃபேனும் சுற்றும் இடத்திலிருந்து விலகி நின்று, கைப்பிடியைக் காதோடு வைத்தால் ‘டிக் டிக்’ என்ற சத்தம் தெளிவாகக் கேட்கும். கேட்காத இடத்தில் தேடலைத் தொடங்கலாம். சத்தம் சரியாக இருந்தும் சிலிண்டர் வேலை செய்யவில்லையென்றால் துளை அடைப்பு, ஸ்பார்க் பிளக், கம்ப்ரஷன் என்று வேறு பக்கம் போக வேண்டும்.

இன்ஜெக்டர்களை எளிதில் கழற்ற முடிந்த என்ஜினில், பெட்ரோல் அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு இரண்டாவதையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் போடலாம். கோடு பி0203-ஆக மாறினால் பழுது இன்ஜெக்டரோடு போயிருக்கிறது. பி0202-ஆகவே இருந்தால் இன்ஜெக்டர் நிரபராதி. செலவே இல்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் புது இன்ஜெக்டர் வாங்கக் கூடாது.

அடுத்தது மீட்டர். கப்ளரைக் கழற்றாமல், அதன் பின்பக்க ரப்பர் சீல் ஓரமாக மெல்லிய முனையைச் செலுத்தி, சாவி போட்ட நிலையில் இரண்டு ஒயரையும் அளக்க வேண்டும். இரண்டிலும் 12 வோல்ட் இருக்க வேண்டும். முதல் ஒயரில் 12 வோல்ட் இருந்தும் இரண்டாவதில் இல்லையென்றால், சுருள் உள்ளே அறுந்திருக்கிறது அல்லது கட்டுப்பாட்டு ஒயர் எர்த் ஆகியிருக்கிறது. இரண்டிலும் இருந்தும், அதே கட்டுப்பாட்டு ஒயரை ஈசியூ முனையில் அளந்தால் காணவில்லையென்றால், இடையில் எங்கோ அறுந்திருக்கிறது.

12 வோல்ட் ஏமாற்றும் இடம்

பலர் தவறுவது அடுத்த படியில். கப்ளரைக் கழற்றி, பின்னில் மீட்டரை வைத்து, 12 வோல்ட் வருகிறது, ஆகவே லைன் சரி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

டிஜிட்டல் மீட்டரின் உள் தடை பொதுவாக ஒரு கோடி ஓம். அதன் வழியே பாயும் கரண்ட் மிக மிகக் குறைவு. ஒயர் முறுக்கப்பட்ட பின்னில் களிம்பு பிடித்து 7,000 ஓம் தடை உருவாகியிருந்தால்கூட மீட்டரில் குறையும் அளவு ஒரு வோல்ட்டில் நூறில் ஒரு பங்கை எட்டாது. திரையில் 11.99 தெரியும். அதே ஒயரில் 14 ஓம் தடையுள்ள இன்ஜெக்டரை மாட்டினால் அதற்குக் கிடைப்பது 0.03 வோல்ட்டுக்கும் குறைவு. ஊசி அசையவே அசையாது.

ஏரி வாய்க்காலில் கடைமடை மதகை மூடிவைத்திருக்கும்போது, நடுவில் மண் தூர்ந்து சிறு கசிவு மட்டும் இருந்தாலும், நேரமாக ஆக இரண்டு பக்கமும் நீர்மட்டம் ஒன்றாகவே நிற்கும். மதகைத் திறந்து தண்ணீர் ஓடத் தொடங்கினால்தான் கீழ்ப்பக்கம் மட்டம் சடாரென்று இறங்கி, தூர் எங்கே என்று காட்டும். வோல்டேஜும் அப்படியே. கரண்ட் ஓடாதபோது எடுத்த அளவு, ஓடும்போது என்ன ஆகும் என்பதைச் சொல்லாது.

அதனால்தான் பல்பு. 5 வாட் பார்க்கிங் பல்பு சுமார் 0.4 ஆம்பியர் எடுக்கும். கழற்றிய கப்ளரின் சப்ளை பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அதை மாட்டி, எரியும்போது பின்னில் வோல்டேஜ் அளக்க வேண்டும். பேட்டரியில் இருப்பதைவிட ஒரு வோல்ட்டில் பத்தில் சில பங்குக்கு மேல் குறையக் கூடாது. வெறும் 7 ஓம் களிம்பு இருந்தாலே 12 வோல்ட் 9.7-க்கு இறங்கிவிடும், பல்பு மங்கும். ஈசியூ பக்க ஒயரில் மட்டும் பெரிய பல்பைப் போட்டுச் சோதிக்கக் கூடாது. அங்கே இன்ஜெக்டர் கப்ளரில் செருகுவதற்கென்றே விற்கும் நாய்டு லைட் என்ற சிறு விளக்கு இருக்கிறது. என்ஜினைச் சுற்றும்போது அது மினுக்கினால் ஈசியூவின் துடிப்பு வந்து சேர்கிறது என்று அர்த்தம்.

சூட்டில் மாறும் ஓம்

இன்ஜெக்டர் சுருளையே அளக்கும்போதும் ஒரு நுணுக்கம் உண்டு. பெரும்பாலான பெட்ரோல் கார்களில் அதன் தடை 12 முதல் 16 ஓம் வரை இருக்கும். பழைய சில வகைகளில் 2 அல்லது 3 ஓம்தான். குளிர்ந்த என்ஜினில் அளந்து 14 வந்தது, ஆகவே நல்லது என்று விட்டுவிட முடியாது. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் சூட்டுக்கும் சுமார் 0.39 சதவீதம் கூடும். 25 டிகிரியில் 14 ஓம் காட்டும் சுருள், 90 டிகிரியில் 17.6 ஓம் அளவுக்கு ஏற வேண்டும். ஏறுவதற்குப் பதில் இறங்கினால், சூட்டில் சுருளின் பூச்சு இளகி உள்சுற்றுகள் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகின்றன. சூட்டில் அளவே காட்டாமல் போனால், விரிந்த கம்பி எங்கோ விட்டுப்போகிறது. ‘காலையில் நன்றாக ஓடுகிறது, செங்கல்பட்டு போய்ச் சேர்வதற்குள் மிஸ்ஸிங்’ என்ற புகாருக்கு இது ஒரு காரணம்.

மீட்டருக்கும் எல்லை உண்டு. 750 சுற்றில் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே 160 மில்லி விநாடி. அதில் 3 மில்லி விநாடி மட்டுமே கரண்ட் ஓடுகிறது. மீட்டர் சராசரியைத்தான் காட்டும், அந்தச் சராசரியில் பழுது கரைந்துபோகும். துடிப்பை அப்படியே பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும். கட்டுப்பாட்டு ஒயரில் அதை மாட்டினால், முதலில் பேட்டரி வோல்டேஜில் நேர்கோடு. ஈசியூ எர்த் கொடுத்ததும் கோடு செங்குத்தாகப் பூஜ்யத்தை ஒட்டி விழும். சில மில்லி விநாடி அங்கே ஓடும். ஈசியூ விட்ட கணத்தில், சுருளில் சேர்ந்த காந்தப்புலம் சரிந்து 60, 70 வோல்ட்டுக்கு மேலே ஓர் ஈட்டிமுனை எழும். கீழே இறங்கும் வழியில் சின்ன மேடு ஒன்று தெரியும். அதுதான் ஊசி வந்து மூடிய இடம்.

இந்த வரைகோட்டில் ஒவ்வொரு பழுதுக்கும் ஓர் இடம் உண்டு. அடிக்கோடு பூஜ்யத்தை ஒட்டாமல் ஒன்றிரண்டு வோல்ட் மேலே மிதந்தால் எர்த் பக்கம் தடை. ஈட்டிமுனை மற்ற சிலிண்டர்களைவிடக் குட்டையாக இருந்தால் சுருளில் ஷார்ட் அல்லது கரண்ட் குறைவு. மேடு காணாமல் போனால் ஊசி சிக்கியிருக்கலாம். கைக்கு அடங்கும் ஸ்கோப்புகள் இன்று சில ஆயிரம் ரூபாய்க்கே வந்துவிட்டன.

சரிசெய்வதில் வரும் பிழை

பழுதைக் கண்டுபிடிக்கும் வேலையே புதுப் பழுதை விதைப்பதும் உண்டு. ஒயரின் மேலுறையில் ஊசியால் குத்தி அளப்பது பட்டறைகளில் சாதாரணம். அந்தத் துளை வழியே மழையில் ஈரம் இறங்கி, செப்பு இழைகள் நெடுகக் களிம்பு பரவும். கப்ளரின் பின்பக்கமாக அளப்பது இதனால்தான் நல்லது. அறுந்த ஒயரை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றுவதும் நிலைக்காது. என்ஜின் சூட்டில் பசை இளகி டேப் கழன்றுவிடும். சால்டர் வைத்து அல்லது கிரிம்ப் செய்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு, ஒயரை அதன் பழைய கிளிப்பிலேயே மாட்ட வேண்டும்.

காமன் ரெயில் டீசலும் நேரடி இன்ஜெக்ஷன் பெட்ரோலும் தனி ஜாதி. அவற்றில் இன்ஜெக்டரைத் திறக்க ஈசியூ 60 வோல்ட்டுக்கும் மேலே உயர்த்திய மின்சாரத்தைத் தருகிறது. டீசல் ரெயிலில் அழுத்தம் 1,600 பாரைத் தாண்டும். கசியும் இடத்தில் விரல் வைத்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அந்த என்ஜின்களில் பல்பும் ஊகமும் கூடாது. நிறுவனம் தரும் முறைப்படிதான் அளக்க வேண்டும்.

நிறுவனம் தருகிறதா என்பதுதான் சிறு ஊர் மெக்கானிக்கின் நிஜக் கேள்வி. எந்த ஒயர் என்ன நிறம், எந்தப் பின்னுக்குப் போகிறது என்ற ஒயரிங் படம் இல்லாமல் மேலே சொன்ன சோதனைகளில் பாதி இருட்டில் நடக்கும். உதிரிப் பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அவற்றை வெளிச்சந்தையில் கிடைக்கச் செய்யவும் உத்தரவிட்டது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை தொடங்கிய ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளத்தில் வாகனமும் வேளாண் கருவியும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. காஞ்சிபுரமும் செங்கல்பட்டும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் உத்திரமேரூரில், இந்த ஒயரிங் தகவல் தமிழில், படத்தோடு, கைப்பேசியில் கிடைத்தால் ஒரு நாள் அலைச்சலும் இழுவை வண்டி வாடகையும் மிச்சமாகும்.

வண்டி உரிமையாளர் செய்யக்கூடியவையும் உண்டு. பல கார்களில் செக் என்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால், கன்வெர்ட்டரைச் சேதப்படுத்தும் அளவுக்கு மிஸ்ஸிங் இருக்கிறது என்று பொருள். அப்போது வேகமெடுத்து நகரத்துக்கு ஓட்டிச் செல்லாமல் நிறுத்திவிடுவது நல்லது. பட்டறையில் ‘இன்ஜெக்டர் மாற்றம்’ என்று ஒரே வரியில் பில் போட்டால், கூடவே சில எண்களையும் எழுதித் தரக் கேட்கலாம். வந்த கோடு, பல்பு எரியும்போது கப்ளரில் இருந்த வோல்ட், என்ஜின் குளிர்ந்தபோதும் சூடானபோதும் எடுத்த ஓம், இடம் மாற்றிப் போட்டபோது கோடு நகர்ந்ததா இல்லையா என்பது. பில்லின் பின்பக்கத்தில் இவ்வளவும் அடங்கும். அடுத்த மழைக்காலத்தில் அதே கோடு திரும்ப வந்தால், எந்த ஊர் மெக்கானிக்கும் அங்கிருந்தே வேலையைத் தொடங்கலாம்.